ஞாயிற்றுக்கிழமை போகும் இடம்

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர்தான், ஆனால் போனை எடுத்தால் மட்டும் வாயில் பொய்தான் வரும். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து, "வந்துட்டே இருக்கேன் சார், பக்கத்துல வந்துட்டேன்" என்பார். அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் ஒன்பது மாடியையும் மக்கள் படியேறிக்கொண்டிருப்பார்கள்.

"பக்கத்துலன்னா எதுக்குப் பக்கத்துல, மாமா?"

"சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல. போடி வாயாடி!"

அவர் கம்பெனி மெக்கானிக்குகள் எல்லோருமே இந்த ரகம்தான். அதனால் மேனேஜர் ஒரு ஆப் கொண்டுவந்தார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவருடைய கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மாமாவின் சொந்தப் போனிலேயே அதை ஏற்றிவிட்டார்கள். மாமா கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு நேரத்துக்குக் குளிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தப் புள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அக்காவும் மாமாவும் எங்கேயோ கிளம்பிப் போவார்கள். எங்கே என்று கேட்டால் "சும்மா இப்படித்தான்" என்பாள் அக்கா. அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறேன், கூடப் பிறந்தவள் வேறு, எனக்கே சொல்ல மாட்டாள். டாக்டரிடமா, யாராவது தெரிந்தவர் வீட்டுக்கா என்று யோசித்து யோசித்து மண்டை வெடித்துவிடும். ஆனால் போகும்போது இறுகியிருக்கும் அவள் முகம் வரும்போது தெளிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

ஒருநாள் கம்பெனிக் கூட்டத்தில் மாமா ஓவர்டைம் விஷயமாகக் குரலை உயர்த்தினார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டாராம்: "ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட ஒரு இடத்துக்குப் போறீங்களே, அங்க லிப்ட் கிடையாதே? படி ஏறியா போறீங்க? எந்த இடம்னு சொல்லிடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து போனிலிருந்து ஆப்பைத் தூக்கினார். மறுநாள் அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள்.

வேலைக்கென்று எடுக்கும் இருப்பிடத் தகவலை வேலை நேரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதை வைத்து யாரையும் மிரட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். கேஸ் போடலாமா என்று கேட்கப் போன இடத்தில் வக்கீல் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"ஆனா எந்த இடம்னு சொல்லிட்டா கேஸ் இன்னும் பலமா நிக்கும். என்ன பாதிப்புன்னு காட்டணும்ல?" என்றார் வக்கீல்.

"அதைச் சொல்லாம இருக்கத்தானே சார் கேஸே!" என்றார் மாமா.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நானும்தான்.

தொழிலாளர் கோர்ட்டில் மாமாவின் பழைய போன் பேச்சுகளைக் கம்பெனி வக்கீல் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். "வந்துட்டே இருக்கேன் சார்" என்று மாமாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இவர் பேச்சை எப்படி நம்பறது?"

மாமா நீதிபதி அம்மாவைப் பார்த்தார். "பொய்தாம்மா. வேலை நேரத்துல சொன்னது. அதுக்குச் சம்பளத்தைப் பிடிக்கட்டும். ஞாயித்துக்கிழமை நான் யாருக்கும் பொய் சொல்லல. எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல, அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா இப்ப சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் கம்பெனி வக்கீல்.

என் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். "நான் சொல்றேம்மா. இவருக்கு வேலை வேணும்."

"நீ உக்காரு! இந்த வேலை போனா இன்னொரு வேலை" என்று மாமா கத்தினார். அவளிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. எங்க போனீங்கன்னு சட்டம் கேக்கல. நானும் கேக்கல."

மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, அழித்தார்கள். மேனேஜர் மண்டையிலிருந்து அழிக்க எந்த உத்தரவும் இல்லை.

போன மாதம் மளிகைக் கடையில் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கோர்ட்டில் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

"அப்படி என்ன பெரிய இடம்னு என்னைக் கூண்டுல ஏத்தினாரு உங்க மாமா? உங்களுக்காவது தெரியுமா? நான் சொல்லட்டுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், "சொல்லுங்க" என்ற வார்த்தை என் நுனிநாக்குவரை வந்துவிட்டது. எத்தனை வருஷத்துக் குறுகுறுப்பு! அக்காவிடம் சொல்லவா போகிறேன்? யாருக்குத் தெரியப்போகிறது?

அவர் வாயைத் திறந்தார். நான் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உதடு அசைந்து நின்று, முகம் கறுத்து, அவர் தெருவில் இறங்கிப் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை.