மலைப்பிளவில் கோபுரம்

வலது காது கேளாமலேயே எஞ்சின் தேர்வில் தேறினான். இடக்கையில் மூன்றே விரலோடு, வடக்கு நார்வேயின் தீவுகளுக்கு ஓடும் பயணிகள் படகில் முப்பத்தெட்டு ஆண்டு எஞ்சின் அறையைக் காத்தான். மனைவி இறந்தபின் தொட்ட பாட்டிலை ஒரே பனிக்காலத்தில் விட்டான். ஓய்வு பெற்று, அறுபத்தேழாம் வயதில் தூரிகை பிடித்து, ஊர் மன்றக் கண்காட்சியில் இடமும் வாங்கிவிட்டான். தம்பி எய்லர்ட்டைப் பற்றி அக்கா போர்கில் இந்த வரிசையில்தான் சொல்வாள், ஒன்றையும் விடமாட்டாள்.

அவன் தூரிகையைக் காப்பிக் கோப்பையில் கழுவுவான். மறந்து அதையே குடிப்பான். "இன்னைக்கு வானம் கொஞ்சம் கசக்குதுக்கா" என்பான். வரையுமுன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுண்டி, நல்ல காதை வைத்து இறுக்கம் கேட்பான், எஞ்சினைக் கேட்பதுபோல.

"முப்பத்தெட்டு வருஷம் ஊரையே பாக்கல. இப்பத்தான் மேல்தளத்துக்கு வந்திருக்கேன்."

வரைவதெல்லாம் தீவைத்தான், சிறுவயதில் அப்பாவின் படகிலிருந்து பார்த்தபடி. பதினொரு படத்திலும் அவன் பெயர் இல்லை. "சரியா வரட்டும், போடறேன்."

பன்னிரண்டாவதைப் போர்கில்லின் சமையலறைக்குக் கொண்டுவந்தான். தேவாலயக் கோபுரம் மலைப்பிளவில் ஊசிபோல் நின்றது. இந்தப் பக்கம் கலங்கரை விளக்கம் ஒரு பாறையின் விளிம்பைத் தொட்டது. இரண்டும் அப்படி நேர்ப்படும் இடம் கடலில் ஒன்றுதான் இருக்க முடியும்.

"இது அப்பாவோட மீன் இடமாடா?"

எய்லர்ட் நெற்றியில் அடித்துக்கொண்டான். எந்த வீட்டாரும் தங்கள் மீன் இடத்தின் குறியை அடுத்த வீட்டுக்குச் சொல்வதில்லை. அப்பா மகனுக்கு மட்டும்தான் சொன்னார். மூத்த மகள் போர்கில் துடுப்புப் போட்ட நாளில் வேறு பக்கமாகப் போகச் சொல்வார்.

"பக்கத்து வீட்டுப் பேடர் பாத்தான்னா காப்பி ஆறுறதுக்குள்ள அங்க நிப்பான். கோபுரத்த ரெண்டு விரக்கடை தள்ளு!"

"வெறும் படம்னுதான்கா நெனச்சேன்..."

தள்ளினான். கண்காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் படம் மறுபடி மேசைக்கு வந்தது. போர்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு மூலையிலும் தேடினாள்.

"பேரு எங்கடா? பேர் இல்லாத படத்த மாட்ட மாட்டாங்கன்னு நோட்டீஸ்லயே இருக்கு."

"தள்ளி வெச்ச கோபுரத்துக்குக் கீழ எப்படிக்கா போடறது? அது நம்ம ஊரே இல்ல. விடு, நாளைக்கு நான் வரல."

போர்கில் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் கோபுரம் எங்கோ நின்றது. பிளவு வெறுமனே இருந்தது. பின்னிக்கொண்டிருந்த காலுறையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பிளவின் நடுவே செங்குத்தாக வைத்தாள்.

"இங்கதானே?"

"ஒரு மயிரிழை இடப்பக்கம்."

நகர்த்தினாள். "வரை."

"பேடர்?"

"வரட்டும். அதுக்கு முன்னாடி நாம போயிட்டு வந்துடுவோம். துடுப்பு நான் போடறேன். இந்தத் தடவ எங்க போறோம்னு தெரிஞ்சே போடறேன்."

அவன் கோபுரத்தை எழுப்பி முடிக்கும்வரை ஊசி அசையவில்லை. பிறகு வலது கீழ்மூலையில் எய்லர்ட் முதன்முறையாகத் தன் பெயரை எழுதினான். அக்கா சுவர் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கீழே தேதியையும் போட்டான்: 14 செப்டம்பர் 2018.