பிஜிக்குப் போக எழுதிய நோட்டு

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் பிரசவ நர்சாக இருந்தேன். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இருக்கும் நம் பெண்களுக்குச் சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் பிரசவம் பார்க்க ஆள் வேண்டும் என்று சென்னையில் ஒரு சங்கத்தார் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன். தறியில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் நெய்வதை நிறுத்தாமலே, "அது எந்தப் பக்கம்மா இருக்குது?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் கடல் நடுவே இரண்டு புள்ளிகள் இருந்தன, அவ்வளவுதான். ஏனாத்தூரில் பிஜிக்குப் போய்த் திரும்பிய அம்மாள் ஒருத்தி இருப்பதாகப் பிரசவத்துக்கு வந்த பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பென்சிலுமாக நடந்து போனேன்.

அந்த அம்மாள் புருஷனை அங்கேயே இழந்தவள். அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் இருந்தாள். தண்ணீர் எப்படி, மழை எப்படி, பிரசவம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"யாரும்மா பாப்பாங்க? பக்கத்து ரூம்பு பொம்பளைங்கதான். கொஞ்ச நாள்ல கொழந்தைய வரப்புல போட்டுட்டு கரும்பு வெட்டப் போவணும்."

எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நான் கேட்காமலே சொன்னாள். ஊருக்குக் கப்பல் ஏறும் நாளில் அவளுடைய ஏழு வயது மகளுக்கு அம்மை போட்டிருந்தது. டாக்டர் குழந்தையை ஏற்றவிடவில்லை.

"இன்னிக்கு உட்டா இனிமே சீட்டு கெடையாதுன்னாங்கம்மா. புள்ளைய அடுத்த கப்பல்ல அனுப்பறோம்னாங்க."

பக்கத்து அறைக்காரியிடம் விட்டுவிட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"நீ போறியே, அதப் பாத்துடுவ இல்ல? வலது கன்னத்துல மச்சம் இருக்குது."

தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டேன். அப்படியொரு பெயரை எங்கே தேடுவது? "பார்க்கிறேன் அம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

மாசியில் பதில் வந்தது. தனியாக வரும் பெண்ணுக்கு அங்கே தங்க இடமில்லை. தம்பதியரை மட்டுமே அனுப்புவார்களாம். சென்னைக்குப் போய் நேரிலேயே கேட்டேன். சங்கத்துப் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கல்யாணம் பண்ணிக்கினு வாம்மா. நானே சீட்டு வாங்கித் தர்றேன்."

நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, போகிறவர்களுக்கு உதவும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனாத்தூர் அம்மாளின் மகளைப் பற்றிச் சொன்னேன், தலையை ஆட்டினார்.

ஏனாத்தூருக்குப் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை.

"அப்போ வேற யாரு போறாங்க?"

"தெரியலை அம்மா."

"கேட்டுச் சொல்லும்மா."

சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு அவள் முன்னால் போய் உட்கார முடியவில்லை. போவதைக் குறைத்தேன், பிறகு போகவேயில்லை.