மீனாம்பிகையின் கரிநாக்கு

நீர்வேலியில் மீனாம்பிகைக்குக் கரிநாக்கு என்று பேர் விழுந்தது எண்பத்தெட்டாம் ஆண்டில். நாக்கில் கறுப்புப் புள்ளியோடு பிறந்தவர் சொன்னது பலிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. மீனாம்பிகை ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துப் பத்மாவதியிடம், "உந்த வாழையளுக்கு முட்டுக் குடுங்கோ, காத்துக்கு நிக்காது" என்றாள். மறுநாள் காற்றில் எழுபது வாழை சரிந்தன. பிறகு அவள் கொட்டாவி விட்டபோது பத்மாவதி புள்ளியைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

முதலில் பயந்தார்கள். பிறகு தேடி வரத் தொடங்கினார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், மகன் சோதனை எழுதுகிறான், ஒரு நல்ல வாக்குச் சொல்லுங்கோ என்று வாசல் படலையடியில் வந்து நின்றார்கள். வெற்றிலை வாயோடு வாழைக்குலை சுமந்து திரிந்தவளுக்கு அந்த மரியாதை நன்றாகவே பிடித்துப்போனது; இல்லையென்று சொல்வானேன்? புள்ளி அந்த வருசம்தான் வந்தது. அவளோ கேட்டவர்களிடமெல்லாம், "பிறவியிலையே இருக்கு" என்றாள்.

நாலு வருசம் கழித்து அவளுக்குக் கடைவாய்ப் பல் குத்தியது. கணவர் கனகரத்தினம், அதிகம் கதைக்காத மனிதர், சைக்கிள் கரியரில் ஏற்றிப் பல் டொக்டரிடம் கொண்டுபோனார். டொக்டர் பல்லை விட்டுவிட்டு நாக்கையே பார்த்தார்.

"இது எப்பயிருந்து இருக்கு அம்மா?"

திரைச்சீலைக்கு வெளியே வாங்கில் பத்மாவதி தன் முறைக்குக் காத்திருந்தாள். மீனாம்பிகை உரத்தே சொன்னாள்: "பிறவியிலையே இருக்கு, டொக்டர்."

"பெருக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப பயமில்லை. புதுசா வந்து பெருத்தால்தான் வெட்டிச் சோதிக்கவேணும். சிலது புற்றுநோயா மாறும்."

கனகரத்தினம் தொண்டையைச் செருமினார். "பொய், டொக்டர். நாலு வரியத்துக்கு முந்தி வந்தது. அப்ப உழுந்தளவு, இப்ப கச்சான் கடலையளவு."

மீனாம்பிகைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்கள் வீடு வந்து சேருமுன்பே கதை ஊருக்கு வந்துவிட்டது.

அடுத்த கிழமை புள்ளியை முழுதாக வெட்டித் தையல் போட்டார்கள். போரால் தரைப்பாதை மூடிக் கிடந்ததால், வெட்டிய துண்டு படகில் கிளாலிக் கடலேரி தாண்டிக் கொழும்புக்குப் போய் மறுமொழி வர ஏழு கிழமை. நாக்கு ஆறியும் அவள் புருசனோடு ஒரு சொல் பேசவில்லை. சோற்றுக்கோப்பையை அவர் முன்னால் இடித்து வைப்பாள். படலைப் பக்கம் யாரும் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தையலைவிட நொந்தது.

மறுமொழியை வாசித்த டொக்டர் மூச்சு விட்டார். "இன்னும் புற்றுநோயாகேல்லை, மாறத் தொடங்கியிருக்கு. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தா வந்திருக்கும். இனி வெத்திலையும் புகையிலையும் வேண்டாம். ஆறு மாதத்துக்கொருக்கா வந்து காட்டுங்கோ."

திரும்பும் வழியில், கரியரில் இருந்தபடி அவள் வாய் திறந்தாள். "இஞ்சேருங்கோ, ஒண்டுக்கும் வாய் திறக்காத மனிசன், அண்டைக்கு மட்டும் ஏன் திறந்தனீங்கள்?"

கனகரத்தினம் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஊருக்கெல்லாம் நீ நல்ல வாக்குச் சொன்னனி. உனக்கு ஆர் சொல்லுறது?"