கிக்குனோவின் ஐந்து கோப்பைத் தேநீர்

மிட்சுவே இடக்கையால் அளவுகோலை அழுத்திப் பிடித்து, வலக்கையால் பென்சில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளுக்கு ஐந்து பத்தி: பெயர், தேநீர், சோறு, கழிப்பறை, குறிப்பு. பதினெட்டு நாளுக்குப் பதினெட்டுத் தாள். சமையலறை மேஜையில் இடம் போதாமல், முடித்த தாள்களை அரிசிக் குக்கரின் மூடிமேல் அடுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் காயக் கட்டிய முள்ளங்கிகள் நவம்பர் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

நகல் கேட்டவன் நகராட்சி அலுவலகத்து இசுருகி. "நோட்டுல பென்சில் எழுத்து மங்கிப்போச்சும்மா. ஜெராக்ஸ் எடுத்தா வெறும் சாம்பலாத்தான் வருது. தெளிவா ஒரு படி எழுதிக் குடுங்க. கிக்குனோ அம்மா மனுவை மறுபடி குழு முன்னாடி வைக்க ஏதாவது கிடைக்குதான்னு பாக்கறேன்" என்று சொல்லியிருந்தான்.

பிப்ரவரியில் நிலம் நடுங்கியபோது, ஹமாசே ஊரில் பாதிப்பேர் தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் போய் ஒதுங்கினார்கள். மிட்சுவேயும் ஒருத்தி. முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் கை தானாகச் செய்யும். சும்மா உட்காரத் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் பள்ளியின் ஓட்டப்பந்தயப் புள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, கூடத்திலிருந்த வயதானவர்கள் பதினெட்டுப் பேரின் பெயரையும் எழுதினாள். கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில், பனிக்குள் இருந்தது. அவ்வளவு தூரம் போகப் பயந்து வயதானவர்கள் குடிப்பதைக் குறைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். குறைத்தால் ரத்தம் கெட்டியாகும். கெட்டியானால் என்னவாகும் என்பதும் தெரியும்.

தேநீர்ப் பாத்திரத்தோடு அவள் வரும்போதே கேலி தொடங்கிவிடும்.

"கோப்பையை ஒளிச்சு வைங்கப்பா, வரி வசூல்காரி வந்துட்டா."

"மிட்சுவே, நேத்து நான் எத்தனை தடவை போனேன்னு எனக்கே மறந்துபோச்சு. நோட்டைப் பாத்துச் சொல்லேன்" என்பார் வலைக்காரர் ஓதாகே.

"மூணு தடவை. அதுல ஒண்ணு சிகரெட்டுக்கு. அதைக் கழிச்சுட்டேன்."

கூடம் சிரிக்கும். அவள் சிரிக்காமல் அடுத்த பாய்க்கு நகர்வாள். ஒரு கோப்பைக்கு ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் ஐந்து கோட்டாலான ஒரு முழு எழுத்து; அந்த ஊரில் கடைக்காரர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எண்ணுவது அப்படித்தான்.

கூடத்தில் மிட்சுவேயைக் கேலி செய்யாத ஒரே ஆள் கிக்குனோ. எண்பத்து நான்கு வயது. நாற்பது வருடம் தள்ளுவண்டியில் மீன் விற்றவர். மிட்சுவே இளவயதில் கைக்குழந்தையோடு வேலைக்கு ஓடிய நாட்களில், கிக்குனோ மீனை அரிந்து, குடல் எடுத்து, கழுவி ஒரு வாளியில் போட்டு அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். உப்புத் தடவி அடுப்பில் போடுவதுதான் பாக்கி இருக்கும். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடத்திலும் அவர் அப்படித்தான். இரண்டு கையாலும் காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, தலை குனிந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு, உனக்குப் புண்ணியமா போகும்" என்பார். தினமும் ஐந்து கோப்பை. தினமும் ஒரு முழு எழுத்து.

இருபதாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்று சான்றிதழ் சொன்னது.

நகராட்சிப் பதிவேட்டில் சாவுகளுக்கு மூன்று இடம் உண்டு. வீடு விழுந்தோ கடல் ஏறியோ அன்றைக்கே போனவர்கள் முதல் இடத்தில். அதில் ஒன்பது பேர். அகதிகளாகக் கிடந்த குளிரிலும் நெரிசலிலும் அலைச்சலிலும் பின்னால் போனவர்கள் இரண்டாவது இடத்தில். டாக்டரும் வக்கீலும் உட்கார்ந்த குழு ஒவ்வொருவரையும் ஆராய்ந்துதான் அதில் சேர்க்கும்; சேர்த்தால் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை வரும். அதில் ஆறு பேர். மீதிச் சாவெல்லாம் வழக்கமான சாவு. கிக்குனோவுக்கு இருபது வருட ரத்த அழுத்தம். நன்றாகக் குடித்தார், நன்றாகச் சாப்பிட்டார், இது வழக்கமான சாவுதான் என்று செப்டம்பரில் குழு முடிவு செய்திருந்தது. நன்றாகக் குடித்ததற்கு ஆதாரம் மிட்சுவேயின் நோட்டு.

ஏழாம் நாள் தாளைப் பிரதி எடுக்கும்போது அவள் பென்சில் நின்றது.

கிக்குனோவின் வரியில் தேநீர்ப் பத்தியில் முழு எழுத்து. கழிப்பறைப் பத்தியில் ஒரே ஒரு கோடு. எட்டாம் நாளைப் பார்த்தாள். ஐந்து, ஒன்று. ஒன்பதாம் நாள் ஐந்து, ஒன்று. ஆறாம் நாள் வரைக்கும் நான்கும் ஐந்துமாக இருந்த கோடுகள் ஏழாம் நாளிலிருந்து சாகும்வரை ஒன்றாகவே நின்றிருந்தன.

ஐந்து கோப்பை உள்ளே போய் ஒரு தடவை வெளியே வருவதா? பயிற்சிக்கு வந்த முதல் வாரத்துப் பெண்கூட இதைப் பிடித்திருப்பாள். மிட்சுவே பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, நோட்டோடு தற்காலிகக் குடியிருப்புக்கு நடந்தாள்.

கிக்குனோவின் மருமகள் யாசுயோ அங்கே மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கணவன் மீன்பிடிக் கப்பலில். கதவைத் திறந்தவள் நோட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மறுபடி அதுவா? விட்டுடுங்கக்கா. இசுருகி தம்பி கெஞ்சினாருன்னுதான் அப்பவே மனுவுல கையெழுத்துப் போட்டேன். அத்தை செத்ததுக்குப் பணம் வாங்கறான்னு ஊரு பேசறதுதான் மிச்சம்."

"ஊரு பேசட்டும். ஏழாம் நாள் என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

யாசுயோ அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"யாசுயோ, துணியைக் கீழ வை."

வைத்தாள். "அதுக்கு முந்தின ராத்திரி, மூணு மணியிருக்கும். பனி கொட்டுது. அத்தை என் தோளைத் தொட்டாங்க. அன்னிக்கு அது அஞ்சாவது தடவை. நான்... ஒரே ஒரு தடவைதான்க்கா. 'மறுபடியுமா அத்தை?'ன்னு கேட்டுட்டேன். கூட்டிட்டுப் போனேன், போகலைன்னு இல்ல. ஆனா அதுக்கப்புறம் அவங்க என் தோளைத் தொடவே இல்ல. காலையில ஒரு தடவை போறதோட சரி."

"தேநீரை எங்க ஊத்தினாங்க?"

"ஊத்தினாங்களா?" யாசுயோ விழித்தாள். பிறகு மெல்ல எழுந்துபோய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தாள். பகலெல்லாம் அது காலியாகக் கிக்குனோவின் போர்வைக்குள் கிடக்கும். சாயங்காலம் யாசுயோ அதை அலசிக் கொதிநீர் நிரப்பித் தருவாள். "தினமும் பாதிப் பை தண்ணி உள்ள இருக்கும், காலையில அத்தை முழுசா கொட்டலைபோலன்னு நினைச்சேன். பழுப்பா இருக்கும். அந்த நாள்ல எல்லாத் தண்ணியும் பழுப்பாத்தானேக்கா வந்துச்சு. நான் என்னத்தைக் கண்டேன்?"

மிட்சுவே மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்பது மாதமாகியும் வறுத்த தேயிலை வாசனை போகவில்லை.

"அப்ப நான்தான் கொன்னேன்" என்றாள் யாசுயோ.

"பைத்தியமா உனக்கு? மறுபடியுமான்னு கேட்டதுக்கெல்லாம் ஆள் செத்தா, எங்க இல்லத்துல ஒரு கிழவி மிஞ்சியிருக்க மாட்டா. நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேட்டிருக்கேன்." மிட்சுவே மூடியைத் திருகி மூடினாள். "கழிப்பறையை அறுபது மீட்டர் தள்ளிப் பனியில கொண்டுபோய் வெச்சது நிலநடுக்கம். நீ இல்ல. ஏமாந்தது நான். கோப்பை காலியா இருந்துச்சுன்னு கோடு போட்டுட்டேன். இதை நான் போய்ச் சொல்லப் போறேன். நீ தடுக்காத."

யாசுயோ தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, மிட்சுவேயின் காலணிகளை அவள் போடத் தோதாக வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நின்றாள்.

நகராட்சி அலுவலகத்தில் இசுருகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். நாற்பது வயதுக்குள் முன்தலை வெளுத்துவிட்டது. நிலநடுக்கத்துக்கு முன் அவன் நூலகத்தில் இருந்தவன். "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஆறு பேர்ல நாலு பேரைச் சேர்த்தது உங்க நோட்டை வெச்சுத்தான். இப்ப நோட்டு தப்புன்னு நீங்களே வந்து நின்னா, அந்த நாலையும் பிரிச்சுப் பாப்பாங்க."

"பாக்கட்டும். முதல்ல நான் பாக்கறேன்."

அன்று சாயங்காலமே அவன் மேஜையில் உட்கார்ந்து நான்கு பேரின் வரிகளையும் பார்த்தாள். இரண்டு பேருக்கு அவளே கரண்டியால் ஊட்டியிருந்தாள். மற்ற இருவரும் குடிக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சண்டை போட்டவர்கள். நான்கு பேருக்கும் தேநீர், கழிப்பறை இரண்டு பத்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன. கிக்குனோவின் வரியில் மட்டும், ஏழாம் நாளிலிருந்து, பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினாள்: கோப்பை காலியானதைப் பார்த்தேன். குடித்ததைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியின் கீழும் தன் பெயர் முத்திரையைப் பதித்தாள்.

சுவரில் இசுருகி ஒட்டிவைத்திருந்த பட்டியலில் அவள் கண் போனது. உலகத்தில் அந்த வருடம் நடந்த பேரிடர்கள் எல்லாம் வரி வரியாக இருந்தன. எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்து யாரோ தொகுப்பது. வெள்ளம் ஓரிடத்தில், சூறாவளி ஓரிடத்தில், மண்சரிவு ஓரிடத்தில். ஹமாசேயும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து அதில் ஒரே வரி. இன்னொரு வரியில் சாவு எண்ணிக்கைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு? அங்க யாரும் சாகலையா?"

"காலின்னா பூஜ்யம் இல்லம்மா. எண்ண ஆள் இல்ல, தெரியலைன்னு அர்த்தம். அதைப் பூஜ்யம்னு படிச்சுடக் கூடாதுன்னுதான் முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

மிட்சுவே அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லவேளை, இங்க எண்ண நீயாவது இருக்க" என்றாள். இசுருகிக்குக் காது சிவந்துவிட்டது.

குழு டிசம்பர் முதல் வாரம் கூடியது. ஐந்து பேர், ஒரு நீள மேஜை. டாக்டர் சிவப்பு மையில் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"மிட்சுவே அம்மா, போன தடவை இந்த நோட்டை நம்பித்தான் முடிவு பண்ணினோம். இப்ப நீங்களே தப்புங்கறீங்க. அப்ப எதைத்தான் நம்பறது?"

"கழிப்பறைப் பத்தியை நம்புங்க டாக்டர். தனியா யாரும் போகலை. கூட நடந்தவங்க திரும்பி வந்ததும் என்கிட்ட சொல்வாங்க, நான் கோடு போடுவேன். தேநீர்ப் பத்தியில நான் எழுதினது கோப்பையை. வாயை இல்ல."

"முப்பது வருஷ அனுபவம் உங்களுக்கு. எப்படித் தவறுச்சு?"

மிட்சுவே சுற்றி வளைக்கவில்லை. "அந்த அம்மா ரெண்டு கையாலயும் கோப்பையை நீட்டி நன்றி சொல்வாங்க. நன்றி சொன்னதும் நான் அடுத்த பாய்க்குப் போயிடுவேன். அவ்வளவுதான் நடந்துச்சு. ரெண்டு பத்தியையும் பக்கத்துல வெச்சுப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவ நான். நான் பாக்கலை. அதுக்காக அவங்க சாவு வழக்கமான சாவுன்னு ஆகிடக் கூடாது."

வெந்நீர்ப் பை மேஜையைச் சுற்றி வந்தது. வக்கீல் அம்மா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இசுருகி தொலைபேசியில் அழைக்கவில்லை, நேரிலேயே வந்தான். மூச்சு வாங்கியது. "சேர்த்துட்டாங்கம்மா. இரண்டாவது இடத்துல ஏழாவது பேர். மொத்தம் பதினாறு. மாகாணத்துக்கு அனுப்பிட்டேன். அங்கிருந்து தலைநகர், அப்புறம் அந்த உலகப் பட்டியல். எல்லா இடத்திலயும் ஒண்ணு கூடும்."

"யாசுயோகிட்ட சொன்னியா?"

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். 'பனிதான் காரணம்னு எழுதியிருக்கா?'ன்னு கேட்டாங்க. குளிர், தூரம், நீர்ச்சத்துக் குறைவுன்னு இருக்கற வரியைப் படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை படின்னாங்க. படிச்சேன்."

மறுநாள் காலையில் மிட்சுவே கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு வாளி இருந்தது. உள்ளே நான்கு அயிலை மீன்கள், அரிந்து, குடல் எடுத்து, கழுவி. தெருக்கோடியில் யாசுயோவின் முதுகு தெரிந்தது.

"அங்கயே நில்லு!" என்று மிட்சுவே கத்தினாள். "நாலு மீனை நான் ஒருத்தியா திங்கறது? உள்ள வா."

உப்புத் தடவிச் சுட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் துடைத்து, மிட்சுவே புதுத்தாள்களையும் அளவுகோலையும் எடுத்துவைத்தாள். அடுத்த நிலநடுக்கத்துக்கென்று, இந்தத் தடவை ஆறு பத்தி. தேநீருக்கு மட்டும் இரண்டு: காலியானது, கண்ணெதிரில் குடித்தது. யாசுயோ அளவுகோலைப் பிடிக்க, மிட்சுவே கோடு இழுத்தாள். முப்பது தாள் ஆனதும் ஒரு உறையில் போட்டு, முதியோர் இல்லத்தில் கேட்டு வாங்கிய, படுக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கத்தக்க மடக்கு நாற்காலிக் கழிப்பறை இரண்டைத் தூக்கிக்கொண்டு, இசுருகியிடம் சாவி வாங்கி, பள்ளியின் நிவாரணக் கிடங்கைத் திறந்தார்கள். உறையைக் கதவின் உட்புறம் கண்மட்டத்தில் ஒட்டினார்கள். நாற்காலிகளை, எடுக்கும்போது முதலில் கைக்கு வரும்படி, வாசலை ஒட்டி வைத்தார்கள்.