மூங்கிலும் மீன் கழுவின தண்ணீரும்

மகள் ஒரு சாண் மூங்கிலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தாள். "அதிர்ஷ்டம்பா. வாரம் ஒரு தடவை தண்ணி மாத்தினா போதும்." சமையலறையிலிருந்து மனைவி சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கானது.

கல்யாணமான புதிதில் நாங்கள் எர்ணாவூரில் குடியிருந்தோம். அவள் மாதவரத்தில் மரம் செடியோடு வளர்ந்தவள். எங்கள் வீட்டிலோ கொடியில் காயப்போடும் வெள்ளை வேட்டி, அனல்மின் நிலையப் புகையில் சாயங்காலம் சாம்பல் படிந்து வீட்டுக்குள் வரும். "இந்தப் புகையில என்னால குப்பை கொட்ட முடியாது. எங்கம்மா வீட்டுக்கே போறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. பயந்துபோய், கொல்லைச் சுவரோரம் மூங்கில் வைத்துப் புகையை மறைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுவரை நான் வளர்த்தது மீசை மட்டும்தான். அதுவும் சரியாக வரவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை மீன் விற்பவர். நான் குழி வெட்டுவதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பாடைக்கு இப்பவே மூங்கில் போட்டுக்கினு கீற?"

எங்கள் பக்கம் மூங்கில் என்றால் ஒன்று கட்டடத்துக்குச் சாரம், இல்லாவிட்டால் சாவு. அதைக் கேட்ட மனைவி பெட்டியில் இன்னும் இரண்டு புடவையை எடுத்து வைத்தாள்.

போர்வெல் தண்ணீர் உப்பு. இலை நுனியெல்லாம் கருகிப்போயிற்று. சாணம் போட்டேன், டீத்தூள் போட்டேன், இலைகளை ஈரத்துணியால் துடைத்தேன். பெட்டி கட்டிலடியில் தயாராகவே கிடந்தது. அடுத்த மழைக்காலத்தில் முளைகள் சுவரைத் தாண்டி எழும்பின. ஆபீஸில் மூங்கில் வளர்ப்பைப் பற்றிப் பாடமே நடத்தினேன். தெருப் பூனைகள் ஏன் மூங்கிலடியில் கூடுகின்றன என்று அப்புறம்தான் பார்த்தேன். அஞ்சலை தினமும் மீன் கழுவின தண்ணீரைச் சுவர் தாண்டி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

கவிச்சை தாங்காமல் மனைவி சண்டைக்குப் போனாள். போனவள் ரொம்ப நேரம் கழித்துக் கை நிறைய நெத்திலியோடு திரும்பினாள். அதற்கப்புறம் இருவரும் மூங்கில் இடுக்கு வழியாகத் தினமும் பேசினார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். "அது ஒரு பேஜாரு புட்ச்ச ஆளும்மா. ஆனா நல்ல மன்சன்" என்று அஞ்சலை சொன்னது ஒருநாள் காதில் விழுந்தது. பெட்டி பரணுக்குப் போயிற்று. சாம்பல் எப்போதும்போல விழுந்தது; மூங்கில் ஜெயித்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு மணலி புதுநகருக்கு வந்துவிட்டோம். சமீபத்தில் அந்தப் பக்கம் போனால் எங்கள் தெருவே இல்லை, கன்டெய்னர் யார்டு. மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லி, வாசல் காவலாளியிடம் அஞ்சலையை விசாரித்தாள்.

"அப்படி யாரும் இங்க கிடையாதும்மா."

வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் சொன்னாள்: "அவங்க மட்டும் இல்லேன்னா நான் அப்பவே மாதவரம் போயிருப்பேன்."

இத்தனை வருஷம் அந்தப் பெருமையை நானும் மூங்கிலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை.