கடைசியாகத் தட்டெடுத்த கர்னல்

பேராசிரியர்கள் இத்தனை பேர் இருக்கையில், விளையாட்டுத் துறையின் அலுவலக உதவியாளரான நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கர்னல் சென்னியப்பன் சாரைப் பற்றிப் பழைய மாணவர் மலருக்கு யாராவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். யாரும் தரவில்லை. அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் மலர் வருவதைவிட, என் சுமாரான எழுத்து வருவது மேல் என்று பட்டது.

செய்தி வந்தபோது கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடும் நம் மாணவி நாகம்மாள் போனில் அழைத்தாள். "அக்கா, கர்னல் சார் போயிட்டாருக்கா. தொப்பம்பட்டியில, அவுக வீட்டுலயே." "கிரவுண்டுலதான் இருக்கேன். இன்னிக்கும் வெறும் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் ஓடுனேன். தலை சுத்துது, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்." நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செயலரின் இரங்கல் வந்துவிட்டது. ஈடுசெய்ய முடியாத இழப்பாம். கர்னலின் நாற்காலியை ஒரே வாரத்தில் ஈடுசெய்தவர்கள் நாம்.

சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவர் அவர். தன் படைப்பிரிவின் ஓட்டக்காரர்களுக்குப் பல வருடம் பொறுப்பாக இருந்து, ஓய்வு பெற்றபின் நம் கல்லூரிக்கு விளையாட்டுத் துறை இயக்குநராக வந்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பெரிய பதவியில் இருப்பவர்கள் முன்னால் எனக்குக் குரலே வராது. மற்றவர்கள் "சத்தமாப் பேசும்மா" என்று அதட்டுவார்கள். அவர் எழுந்து நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். "பீரங்கிச் சத்தத்துல என் காது போயிருச்சுங்க. நீங்க மெதுவாவே சொல்லுங்க, நான் கிட்ட வந்துக்கறேன்." என்னை 'நீங்க' என்று அழைத்த முதல் அதிகாரி அவர்தான்.

அவர் இனிமையானவர் என்று சொல்லமாட்டேன். தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். பதக்கம் வாங்கி வந்தாலும் "சரிங்க, நாளைக்கு வந்துருங்க" என்பதோடு சரி. ஆனால் மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்ட முதல் ஆளும் அவர்தான். அதுவரை அது பிளெக்ஸ் பேனராகவும் சால்வையாகவும் போய்க்கொண்டிருந்தது. அவர் வந்த பிறகு காலைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முட்டையும் சுண்டலும் ஆயிற்று. விடியுமுன் தோட்டத்தில் பூப்பறித்துப் போட்டுவிட்டு ஓடவரும் நாகம்மாளுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. "வயித்தப் பாத்துட்டுத்தானுங்க காலப் பாக்கணும்" என்பார். ஆசிரியர் அறையில் அவருக்குச் 'சத்துணவு அமைப்பாளர்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் இதைப் படிப்பார்கள்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி நம் மைதானத்தில் நடந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேகம்பூரிலிருந்து பிரியாணி வந்தது. விருந்தினர்கள் மின்விசிறிக்கடியில் முதலில் சாப்பிடுவதும், மிச்சமிருக்கும் குஸ்கா பிள்ளைகளுக்கு வருவதும் இங்கே வழக்கம். சமையல்காரர் பாய் அதற்கேற்ப ஒரு சட்டியைத் தனியாக மூடி வைத்திருந்தார்.

"சாப், விஐபிங்களுக்குக் கறி தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு ஓடுனது யாருங்க பாய்?"

"விஐபிங்க வாய்தான் காலையில இருந்து மைக்குல ஓடுது" என்று பாய் சிரித்தபடியே அந்தச் சட்டியையும் திறந்துவிட்டார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். செயலர் வேகமாக வந்தார். "கர்னல், சென்னையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் நிக்கிறாங்க."

"செத்த நேரம் நிக்கட்டுங்க. பட்டாளத்துல ஜவான் சாப்பிட்ட பொறவுதான் ஆபீசர் தட்டெடுப்பான்."

"இது பட்டாளம் இல்ல."

"பசி அதேதானுங்களே."

எல்லோரும் எழுந்தபிறகு அவர் தட்டெடுத்தார். சட்டியில் ஒட்டியிருந்த சோறும் தயிர்வெங்காயமும்தான் கிடைத்தன. நின்றபடியே சாப்பிட்டார்.

அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வயதைக் காரணம் சொன்னார்கள். அதே வயதுக்காரர்கள் இன்றும் நம் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். அவர் விடைபெற்றுக்கொண்டு நடந்தபோது வராந்தாவில் எல்லோருக்கும் கைப்பேசியில் அவசர வேலை வந்துவிட்டது. எனக்கும்தான். அடுத்த வாரமே முட்டையும் சுண்டலும் நின்றன. செலவுக் குறைப்பாம். பேனர்கள் திரும்ப வந்தன.

ஒருநாள் காலை, பயிற்சியைப் பார்க்க ஸ்கூட்டரில் வந்தார். காவலாளி ராணுவத்தில் இருந்தவர். விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, "உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காங்க சார்" என்று கேட்டை மூடினார். கர்னலும் சல்யூட் அடித்தார். "உங்க டியூட்டிய நீங்க பாருங்க" என்றார். நாகம்மாள் ஒரு சுற்று முடித்துவரும் வரை கம்பி வழியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அதற்குப்பிறகு அவர் வரவில்லை.

அவருக்கான இரங்கல் கூட்டத்தை நம் அரங்கில் நன்றாகவே நடத்தினோம். அவர் பெயரில் சுழற்கோப்பை அறிவிக்கப்பட்டது. அரங்கை நிரப்பக் கூட்டிவந்த நம் விளையாட்டு வீரர்கள் சீருடையில் பின்சுவரோரம் நின்றார்கள். சிற்றுண்டி முன்வரிசையிலிருந்து கிளம்பியது. பின்சுவருக்கு வந்துசேர்ந்தபோது தட்டில் காகிதக் கைக்குட்டைகள் மட்டும் இருந்தன. "கர்னல் சாருக்கு இது தெரியாம இருக்கறதே நல்லதுக்கா" என்றாள் நாகம்மாள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று யோசித்தேன். பணிவு என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் தங்கியிருப்பது கோபம். அது இல்லாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டிய வேலையில் இருக்கும் நான் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன்.

எழுதத் தொடங்கியபோதே கேட்க நினைத்து, துணிச்சல் வராமல் தள்ளிக்கொண்டே வந்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். கோப்பைக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்று அறிகிறேன். கொடுக்காதீர்கள். நாகம்மாளுக்கு அடுத்த மாதம் மாநிலப் போட்டி. நாளைக் காலை அவள் ஓடி முடிக்கும்போது, மைதானத்தில் அந்தக் காசுக்குச் சாப்பாடு இருக்கட்டும்.