ஏழாம் எண் நாற்காலி

மதிப்பீட்டாளர் பத்து மணிக்கு வருவதாகத் தகவல். குஷனக்கா ஒன்பதுக்கே ஓட்டல் லாபிக்கு வந்து பதினெட்டு சாய்வு நாற்காலிகளையும் உலர்ந்த துணியால் துடைத்து முடித்துவிட்டாள். பிறகு முதலிலிருந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். தூசி ஒன்றும் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

அந்த ஓட்டலில் அவளுக்கு இருபத்துமூன்று வருஷமாக அதுதான் பெயர். சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின், ஒரு மர மேசை, சுவரோரம் சுருட்டி நிறுத்திய ஸ்பான்ஜ். அந்த அறைக்குப் பெயர் குஷன் ரூம், அதில் இருப்பவள் குஷனக்கா. திரைச்சீலை தைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் தச்சர் சொல்லிக்கொள்ளாமல் வேறு வேலைக்குப் போனார். உளியும் சுத்தியும் அநாதையாகக் கிடந்தன, இவள் எடுத்துக்கொண்டாள். தையல்காரி ஆணி அடிக்கிறாள், விரலை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சமையலறையில் கேலி பேசினார்கள். ஆறே மாதத்தில் கேலி பேசியவர்களே கால் ஆடும் முக்காலியோடு அவள் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

லாபி நாற்காலிகள் ஓட்டலோடு பிறந்தவை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் இந்தக் கட்டடத்தை வரைந்த கலைஞரே இந்த லாபிக்கென்று அவற்றையும் வரைந்தார். வேறெங்கும் அந்த வகை கிடையாது. தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்த இருக்கை, வெளிப்பக்கம் விரிந்த மெல்லிய கால்கள், துடுப்பு மாதிரி அகன்று நுனியில் ஒடுங்கும் கைகள். ஒரு அலங்காரம் கிடையாது, ஆனால் பார்த்தவர்கள் ஒரு தரம் தடவிவிட்டுத்தான் போவார்கள். உட்கார்ந்தால் உடம்பு தானாகச் சாய்ந்துவிடும். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. அடிப்பக்கத்தில் காசு அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, அதில் எண். ஒன்று முதல் பதினெட்டு வரை.

ஓட்டல் இப்போது கை மாறியிருந்தது. புது முதலாளிகள் மேனேஜரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: நாற்காலிகள் அந்தக் கலைஞருடையவைதான் என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால் லாபி அப்படியே இருக்கும், அவற்றைப் பராமரிக்க குஷன் ரூமும் இருக்கும். இல்லையென்றால் எல்லாம் வெளியே. லிஃப்ட் ஓட்டும் அவள் கணவருக்கு எப்படியும் வேலை போகிறது, தானியங்கி லிஃப்ட் வரப்போகிறது. ஆக, வீட்டில் அடுப்பெரிவது இனி குஷன் ரூமை நம்பித்தான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றால், ஏழாம் எண் இருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன் லாபிக் கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து ஏழாம் எண் நாற்காலியின் மேல் விழுந்தது. நல்லவேளை, ஆள் இல்லை. சட்டம் சுக்குநூறு. அப்போதைய மேனேஜருக்கு ஈரக்குலை நடுங்கியது. கூரையைக் கவனிக்காத குற்றம் அவர் தலையில் விடியும். அடுத்த மாதம் பொருள் சரிபார்ப்பு வேறு. ஸ்டோர்காரர் ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்து எண்ணைப் பார்த்து டிக் அடிப்பார். அவருக்கு நாற்காலி முக்கியமில்லை, எண்தான் முக்கியம். ஏதாவது செய்யுங்கள் அக்கா என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். அவள் முப்பது நாளில் ஒரு நாற்காலி செய்தாள். ஆறாம் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவுக்கு அளவு, வளைவுக்கு வளைவு. ஒன்றை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றினாள். வயதானவர்கள் எழ முடியாமல் கையை நீட்டித் தவிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்திருந்ததால், இருக்கையை ஒரு விரற்கடை உயர்த்தினாள். கடைசியில் உடைசலிலிருந்து பழைய தகட்டைக் கழற்றிப் புதிதில் முடுக்கினாள். ஏழு எங்கே என்று கேட்டால் ஏழு இங்கே. தகடு என்றால் அவளுக்கு அவ்வளவுதான், ஓட்டல் வாளியின் மேல் பெயிண்டில் எழுதிய எண் மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன் அவள் கணவர் லிஃப்டில் யாரோ விட்டுப்போன பத்திரிகையைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். அந்தத் தகடுகள் ஒவ்வொன்றையும் கலைஞர் தன் கையாலேயே அடித்துப் பதித்தாராம். அவை அவருடைய கையெழுத்துக்குச் சமமாம். இன்னொருவர் கையெழுத்தை அல்லவா தன் மரத்தில் முடுக்கி வைத்திருக்கிறாள்.

"வாயைத் திறக்காதே," என்றார் கணவர். "பதினெட்டுல ஒண்ணு. அந்த ஆளு என்ன, மரத்தை நக்கியா பாக்கப்போறாரு?"

"நக்கினாலும் தெரியாதுங்க. அந்த அளவுக்குச் செஞ்சு தொலைச்சிருக்கேன்."

மதிப்பீட்டாளர் பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கையுறை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி. மனிதர்களுக்கு வணக்கம் சொல்ல மறந்தார், நாற்காலிகளைப் பார்த்துத் தலையசைத்தார். கலைஞரின் வரைபடங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும், ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை முதலில் ஆராய்ந்து, அதை வைத்து மற்றவற்றை அளக்கப்போவதாகவும் மேனேஜரிடம் சொன்னார். இருப்பதிலேயே நல்லதைக் கொண்டுவரச் சொன்னார்.

மேனேஜர் இளைஞர், வந்து இரண்டு வருஷம். நாலைந்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடாத ஒன்றைத் தானே தூக்கிவந்து நடுவில் போட்டார். தூக்கும்போதே குஷனக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அது ஏழு.

மதிப்பீட்டாளர் அதைக் கவிழ்த்தார், முகர்ந்தார், பொருத்துகளைக் கண்ணாடியால் பார்த்தார், தகட்டைத் துடைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்து, கண்ணை மூடினார். மூடிய கண் வெகுநேரம் திறக்கவில்லை. எழுந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"உட்கார வைக்கிறது யாரும் செய்யலாம்," என்றார் மேனேஜரிடம். "இது எழுப்பியும் விடுது பாருங்க. அதுதான் அந்தக் கலைஞரோட கை."

லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற கணவர் இவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். தப்பித்தோம் என்ற சிரிப்பு. அவளுக்கும் மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான் அது நிலைத்தது.

ஏழின் அளவுகளைக் குறித்துக்கொண்டு மதிப்பீட்டாளர் மூன்றாம் எண்ணுக்குப் போனார். டேப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒரு விரற்கடை குறைகிறது. கால் தேய்ந்திருக்குமோ என்று பார்த்தார், தேயவில்லை. சுவரோரமாக அதை ஒதுக்கச் சொன்னார். அடுத்து பதினொன்று. அதுவும் குறைந்தது, அதுவும் சுவரோரம் போனது. ஐந்து, பதினாறு, ஒன்பது. மேனேஜர் முதலில் உதட்டைக் கடித்தார், பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். லாபி நடுவில் ஏழு மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, சுவரோரம் வரிசை நீண்டுகொண்டே போனது.

பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்றுதான் மூன்று வாரமாகத் தூங்காமல் கிடந்தாள். பொய்யை அளவுகோலாக வைத்து மெய்யை எல்லாம் தள்ளுவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பதினெட்டாவதையும் அளந்து முடித்து அவர் நோட்டை மூடினார். "உங்ககிட்ட அசல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மிச்சம் பதினேழும் இதைப் பாத்து யாரோ செஞ்ச நகல். ஒரே ஆள்தான் செஞ்சிருக்கணும், எல்லாத்துலயும் ஒரே தப்பு. தகட்டையும் அச்சாச் செஞ்சிருக்காங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல இவள் பக்கம் திரும்பினார். "என்னக்கா இது? இத்தனை வருஷமா நீங்கதானே பாத்துக்கிட்டீங்க?"

நாலாம் மாடியிலிருந்து யாரோ லிஃப்டுக்கு மணி அடித்தார்கள். கணவர் போகவில்லை. வேண்டாம் என்று அவர் தலை இடமும் வலமும் லேசாக அசைந்தது. மணி மறுபடியும் அடித்தது. சொன்னால் கையெழுத்துத் திருடி என்ற பெயர் அவளுக்கு. சொல்லாவிட்டால் பதினேழும் சாயங்காலத்துக்குள் லாரி ஏறும், அவற்றின் பின்னாலேயே குஷன் ரூமும் போகும். ஒவ்வொன்றின் உறையையும் எத்தனை தரம் பிரித்து மாற்றியிருப்பாள். எதன் முட்டு எங்கே உறுத்தும் என்று அவள் கைக்குத் தெரியும்.

"சார், மாத்திச் சொல்றீங்க," என்றாள் மதிப்பீட்டாளரிடம். "அந்தப் பதினேழும் அவரோடது. நீங்க உட்கார்ந்து பாத்தது என்னோடது."

அவர் அரைச் சிரிப்பாகச் சிரித்தார். "உங்களோடதுன்னா? உறை நீங்க தைச்சதா?"

"மரத்துலேர்ந்து நான் செஞ்சது சார்."

அது நடக்காத காரியம் என்று அவர் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார், இவளைப் பார்த்துச் சொல்லவில்லை. மரம் அந்தக் காலத்து மரமாம், அதை அவர் முகர்ந்தே சொல்லிவிடுவாராம். மரம் பழசுதான், ரிசப்ஷனில் சாவி மாட்டும் பழைய பலகையைக் கழற்றிப் போட்டார்கள், அதை அறுத்துத்தான் செய்தேன் என்றாள் அவள். இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் கொக்கி போட்ட ஓட்டைகள் வரிசையாக ஒன்பது இருக்கும், உறையையும் ஸ்பான்ஜைத் தாங்கும் பட்டையையும் பிரித்தால் தெரியும் என்றும் சொன்னாள்.

ஆணி பிடுங்கும் குறடு அவள் ஏப்ரன் பையிலேயே இருந்தது. அவள் குனிந்ததும் மேனேஜர் குறுக்கே வந்துவிட்டார்.

"தொடாதீங்க. தேறினது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துடாதீங்கக்கா."

மதிப்பீட்டாளர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு முதல் தடவையாக அவள் கையைப் பார்த்தார். இடது கட்டைவிரல் நகம் பிளந்து, பிளந்தபடியே ஆறிப்போயிருந்தது. வலது உள்ளங்கையில் உளி பிடித்த காய்ப்பு. அவருக்குள் என்ன ஓடியதோ, பிரிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

ஒரு ஆணி, இரண்டு ஆணி. அவசரத்தில் மூன்றாவது வழுக்கி ஓடியது. நாலாவதை எடுத்ததும் உறை தளர்ந்தது, பட்டையை விலக்கினாள். அவர் மண்டியிட்டு விளக்கைக் காட்டினார். ஓட்டைகள் வரிசையாக இருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார், ஒன்பது. ஒவ்வொன்றின் கீழும் மங்கிய வெள்ளைப் பெயிண்டில் அறை எண்கள். இருநூற்று நாலு, இருநூற்று ஐந்து.

அவர் மண்டியிட்டபடியே இருந்தார். எழுந்தபோது காதுமடல் சிவந்திருந்தது.

"தகடு?"

சரிபார்ப்புக்காக மாற்றி முடுக்கியதை அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"இதுக்கு வெளியில என்ன பேர் வச்சிருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். மூணு வாரமாத் தெரியும்."

அவர் மூன்றை மீண்டும் நடுவுக்கு வரவழைத்து, அதைக்கொண்டு பதினொன்றை அளந்தார். அச்சுப் பிசகவில்லை. ஐந்தும் அப்படியே, பதினாறும் அப்படியே. சுவரோரம் போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தூக்கிவந்த ரூம் பாய்கள் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதலிலேயே பேசி முடிவுக்கு வந்திருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தார்கள். மதியத்துக்குள் பதினேழும் அசல் என்று குறிப்பு ஏறியது.

ஏழின் தகட்டை அவளையே கழற்றச் சொல்லி வாங்கிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, கீழே ஒரு இடத்தைக் காட்டினார். "செஞ்சவர்னு இருக்கு பாருங்க, அங்க உங்க முழுப் பேர் எழுதணும். இல்லேன்னா அறிக்கை முடியாது." அவள் எழுதினாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

புது முதலாளிகளோடு மேனேஜர் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தார். லாபி இருக்கும், குஷன் ரூமும் இருக்கும். ஆனால் தகடு மாற்றியவர் கையில் இனி பொறுப்பைத் தர முடியாதாம். பழம்பொருள் பராமரிப்புப் படித்த ஒருவர் திங்கட்கிழமை வருகிறார். அவருக்குக் கீழே இவள் ஆறு மாதம் இருக்கலாம், அப்புறம் பார்க்கலாம். சொல்லும்போது மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும் சொன்னார். சொல்லியிருப்பார்தான்.

கணவர் அதற்குள் லிஃப்டை நாலு தரம் ஏற்றி இறக்கிவிட்டு வந்திருந்தார். "பதினேழைக் காப்பாத்தினே. உன் நாற்காலியை விட்டுட்டியே."

"போகட்டும்ங்க. அந்தப் பதினேழும் நான் செஞ்சதுன்னு என் தலையில கட்டியிருப்பாங்க. செய்யாததுக்கெல்லாம் நான் ஏன் ஏச்சு வாங்கணும்?"

திங்கட்கிழமை வருகிறவர் ஆணா பெண்ணா என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மேசை டிராயரைக் காலி செய்து வைக்க வேண்டும், உளிகளைத் தீட்டி வைக்க வேண்டும், ஒன்பதாம் எண்ணின் பட்டை தொய்ந்திருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும், வருகிறவர் முதல் நாளே அதைப் பார்த்தால் நல்லது. மூன்றாம் மாடியில் ஒரு திரைச்சீலைக் கம்பி கழன்றதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் ஏப்ரனை உதறிக் கட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறினாள்.

"மூணு," என்றாள்.